ரெண்டும் ஒண்ணுதான்

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் ஓர் இஞ்ச் டேப் கிடக்கிறது. தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற மஞ்சள் டேப். ஒரு முனையில் இருந்த பித்தளைத் தகடு கழன்றுபோய், அந்த இடத்தில் நூல் பிரிந்து நிற்கிறது. இருபத்தைந்தே கால் இஞ்சில் நீலப் பேனாவால் குறுக்காக ஒரு கோடு. போட்டவர் ஒரு தடவையோடு விடாமல் அதன் மேலேயே மூன்று நான்கு தடவை அழுத்திப் போட்டிருக்கிறார். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்திலும் மசி தெரியும். ஸ்டேப்ளரையோ ரப்பர் ஸ்டாம்பையோ தேடிக் கையை விடும்போது அது விரலில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அன்றைக்கு முழுக்க என் முகம் சரியாக இருக்காது. கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டு, "அக்காட்ட இன்னைக்குப் பேச்சு குடுக்காதீங்கட்டி" என்று ஒதுங்கிப் போய்விடுவார்கள்.

நான் கார் விற்கிறவள். குத்துக்கல்வலசையில், தென்காசி முடிந்தும் முடியாமலும் இருக்கிற இடத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு ஷோரூமில் பல வருஷமாக இதே வேலை. படித்தது கணக்கு, பிழைப்பது வாயால். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசுவேன். கார் வாங்கும் எண்ணமே இல்லாமல் மழைக்கு ஒதுங்கி நின்றவரிடம்கூட புக்கிங் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருமையிலேயே ரொம்ப காலம் இருந்தேன். இப்போது யாராவது அதைப் பாராட்டாகச் சொன்னால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன்.

அப்போது எங்கள் கம்பெனி எஸ்.யூ.வி. என்ற பெயரில் நான்கு வண்டிகள் விட்டுக்கொண்டிருந்தது. அவற்றின் பெயர்கள் பாதிப் பேர் வாயில் நுழையாது. அதனால் நாங்கள் எங்களுக்குள் ஒரு வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி சின்னவன், நடுவுளவன், முரடன், பெரியவன் என்று வைத்திருந்தோம். சின்னவனிலும் பெரியவனிலும் குழப்பம் கிடையாது. நடுவில் இருந்த இரண்டு பேரால்தான் எல்லாத் தொந்தரவும். நீளத்தில் நடுவுளவனுக்கும் முரடனுக்கும் நாலு விரல் வித்தியாசம்கூட வராது. எஞ்சின் ஒன்று, அது கொடுக்கிற குதிரைத்திறன் ஒன்று, கியர் ஒன்று, விலைகூட முட்டிக்கொண்டுதான் நிற்கும். முகம் மட்டும் வேறு. நடுவுளவன் வழவழப்பாகக் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்ட மாதிரி இருப்பான். முரடன் பெட்டி மாதிரி, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒரே கம்பெனிக்காரன் ஒரே மாதிரி ரெண்டு வண்டி எதுக்கும்மா விடுதான்?" என்று கேட்காத ஆள் கிடையாது. எங்களுக்கே பதில் தெரியாது. எதிர்த்த ஷோரூம்காரர்கள் டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம், "ஒங்களுக்கு வெளியாளு போட்டியே வேண்டாம், வீட்டுக்குள்ளேயே அடிச்சிக்கிடுதீங்க" என்று கிண்டல் பண்ணுவார்கள். மதுரையில் ஒரு தடவை எங்களை உட்கார வைத்து இதற்கென்றே பயிற்சி கொடுத்தார்கள். வித்தியாசம் வேண்டும் என்று வருகிறவரிடம் வித்தியாசத்தைப் பேசு, வண்டி சீக்கிரம் வேண்டும் என்று வருகிறவரிடம் இரண்டும் ஒன்றுதான் என்று சொல், கையில் எது இருக்கிறதோ அதை அனுப்பு. நோட்டில் அதை எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டேன். 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்ற வாக்கியம் அன்றிலிருந்து என் வாயில் மூச்சு மாதிரி வர ஆரம்பித்தது.

சுபேதார் வந்தது ஒரு சித்திரை மாத உச்சி வெயிலில். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வீரகேரளம்புதூரில் வயலும் வாழையுமாக இருந்தவர். ஒட்ட வெட்டிய நரைமுடி, இன் பண்ணின சட்டை, கேன்வாஸ் ஷூ. வாசலில் நின்று ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்று உள்ளே கூட்டி வந்து, வழக்கம்போல எஞ்சினில் ஆரம்பித்தேன். இத்தனை குதிரைத்திறன், இத்தனை இழுவை, செங்கோட்டை தாண்டி மலையேறினால் வண்டி திணறவே திணறாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, "குதிரையை வச்சி நா என்னம்மா செய்ய?" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து இந்த டேப்பை எடுத்தார்.

பளபளவென்று துடைத்து வைத்த டைல்ஸ் தரையில் முழங்காலிட்டு, நடுவுளவனின் முன்கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டின் விளிம்பு வரைக்கும் டேப்பைப் பிடித்தார். நீலக்கோடு விளிம்பில் சரியாக வந்து நின்றது. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் குனிந்து பிடித்தார். சின்னவனைப் பிடித்துப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார், பெரியவனைப் பார்த்தும் தலையாட்டினார். முரடன் அப்போது எங்களிடம் ஸ்டாக் இல்லை. அடுத்த லோடில் வரும் என்று படம் மட்டும்தான் ஒட்டியிருந்தோம். "டெய்லர் வந்திருக்காருடே, காருக்குச் சட்டை தைக்கப் போறாரு" என்று பின்னால் எங்கள் ஆட்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். நானும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடுவுளவன்தான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். வண்டி அவர் மனைவி பெயரில் பதிவாக வேண்டும் என்பதால் கையெழுத்து வாங்க நான் வீரகேரளம்புதூருக்குப் போனேன். அவர் மனைவி பெண் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் ஏட்டம்மா, சுபேதாருக்கு மட்டும் வெறும் ஏட்டு. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்கிற நிலையில் இருந்தார். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தியிருந்தது. அதைவிடத் தாழ்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது, அதைவிட உயர்ந்தால் பின்னுக்கு நகர்ந்து உட்கார முடியாது. சுபேதார் ஒரு வாரம் விதவிதமான கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, ஏட்டம்மா யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்த உயரத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த உயரம்தான் டேப்பில் இருந்த நீலக்கோடு.

"பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஏட்டம்மா வாக்கரைப் பிடித்து எழுந்து காட்டினார். என்னை அறியாமல் என் கை அவர் முழங்கைப் பக்கம் போனது. "கையை எடுட்டி" என்றார், அதட்டலாக இல்லை, ஒரு வேலையைச் சொல்கிற மாதிரி. நின்ற பிறகு என்னைப் பார்த்து, "தூக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். சீசன்ல குத்தாலம் அருவிக்கரையில பொம்பளைங்க பக்கம் எனக்குத்தான் டூட்டி. மெயின் அருவியில பாசியில வழுக்கி விழுந்தவ, ஐந்தருவியில மூச்சு முட்டி மயங்கினவ, எத்தனை பேரைத் தூக்கியிருப்பேன். ஒருத்தி முகமும் ஞாபகம் இல்ல. கனம்தான் ஞாபகம் இருக்கு. தூக்கிட்டா அவ்வளவுதான், அதுக்குப் பிறகு அவ ஆளு இல்ல, சுமை" என்றார். நான் ஃபாரத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. இத்தனை வருஷம் ஒவ்வொரு சீசனிலும் நனைந்த யூனிஃபார்மோடு விசிலை வாயில் வைத்துக்கொண்டு அருவிக்கரையில் நின்றவர், ஒரு தடவைகூட அந்தத் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்ததில்லை. இனிமேல் முடியாது என்று அவருக்குத் தெரியும். "குளிக்க வேண்டாம். ஐந்தருவி வரைக்கும் போயி, வண்டிய விட்டு நானா இறங்கி, சாதாச் சேலையில நானா அங்கன நிக்கணும். சாரல் மேல பட்டா போதும். யாரும் என்னையத் தொடக் கூடாது" என்றார். ஆட்டோவில் கம்பியைப் பிடித்து ஒரு மாதிரி ஏறிவிடுவாராம், ஆனால் அந்தக் குலுக்கலில் குற்றாலம் போய்ச் சேருவதற்குள் இடுப்பு விட்டுப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குத்தான் கார். ஆனியில் சாரல் பிடிக்கும், ஆடி போனால் போய்விடும். அதற்குள் வண்டி வர வேண்டும்.

நான் கிளம்பும்போது சுபேதார் தெருமுனை வரை வந்து டேப்பை என் கையில் கொடுத்தார். "வண்டி வந்ததும் நீ ஒரு தடவ அளந்து பாத்துட்டு எனக்கு ஒரு போன் போடும்மா. கம்பெனிக்காரன் நடுவுல எதையாவது மாத்தி வச்சிருவான்" என்றார். பட்டாளத்தில் சாமான் வந்தால் இறக்குவதற்கு முன்னால் அளந்து பார்ப்பது அவர்கள் வழக்கமாம். சரி சார், நானே பார்க்கிறேன் என்று டேப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் இழுப்பறையில் போட்டேன்.

வைகாசிக் கடைசியாகியும் நடுவுளவன் வரவில்லை. சுபேதார் கேட்டிருந்த வெள்ளை நிறத்துக்கு இன்னும் இரண்டு மாசம் ஆகும் என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். ஆனால் முரடன் மூன்று வந்து பின்னால் யார்டில் நின்றது, அதில் ஒன்று வெள்ளை. ஷோரூம் அந்த மாசம் விற்க வேண்டிய கணக்கில் ஒரு வண்டி குறைந்தது. மேனேஜர் என் மேஜைக்கு வந்து, "வீரகேரளம்புதூர் பார்ட்டிக்கு முரடனைத் தள்ளிரு. நீளம் ஒண்ணு, பவர் ஒண்ணு, சொன்னா கேப்பாரு" என்றார். நான் சுபேதாருக்குப் போன் போட்டேன். நடுவுளவனுக்காக உட்கார்ந்திருந்தால் ஆடி போய்விடும் சார், இது நாளைக்கே ரெடி என்றேன். "வேற வண்டியாம்மா?" என்றார். "முகம்தான் சார் வேற. நீளம் ஒண்ணு, எஞ்சின் ஒண்ணு, பவர் ஒண்ணு. ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"சீட்டு உயரமும் ஒண்ணுதானா?"

எதிரே பிரசுரம் விரிந்து கிடந்தது. நீளம், அகலம், உயரம், சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் எவ்வளவு, அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு, டிக்கியில் எத்தனை லிட்டர் என்று எல்லாம் இருந்தது. சீட்டு உயரம் இல்லை. முரடன் என் மேஜையிலிருந்து நாற்பது எட்டு வைக்கிற தூரத்தில் நின்றது. டேப் என் முழங்கைக்குக் கீழே இழுப்பறையில் இருந்தது. "ஒண்ணுதான் சார்" என்றேன். "அளந்தியாம்மா?" என்றார். "அளந்தேன் சார்" என்றேன். வெளியே வெயில் கொளுத்தியது, ஏசியை விட்டு எழுந்து போக அலுப்பாக இருந்தது. இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது சொல்ல முடிந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும். எவ்வளவு யோசித்தும் வேறு காரணம் எனக்கு அகப்படவில்லை.

டெலிவரி அன்று காலை ஏட்டம்மா கரும்பச்சைச் சேலையில் தலை நிறையப் பூவோடு வந்தார். அவர்கள் ஊர் ஆட்டோக்காரர்தான் மெதுவாக ஓட்டிக் கூட்டி வந்திருந்தார். இதுதான் இவர் ஆட்டோவில் கடைசிச் சவாரி என்று சுபேதார் சொல்ல, ஆட்டோக்காரர் சிரித்தார். வண்டிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தோம். அட்டையில் செய்த பெரிய சாவியைப் பிடித்துக்கொண்டு இருவரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பதிவெல்லாம் ஏட்டம்மா பெயரில் முன்கூட்டியே முடிந்திருந்தது. லட்டு கொடுத்தோம். வழக்கம்போல எல்லாரும் சுற்றி நின்று கைதட்டத் தயாராக இருந்தோம்.

ஏட்டம்மா முன்கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாக்கரை முன்னால் வைத்து, கால் வண்டியில் தட்டும் வரை பின்னுக்கு நகர்ந்தார். வீட்டில் கட்டிலில் உட்கார்கிற மாதிரியே இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோனார். சீட்டு அதற்கு மேலே இருந்தது. விளிம்பு இடுப்பில் முட்ட அப்படியே நின்றார். இன்னொரு தடவை செய்தார். மூன்றாவது தடவை வாக்கரை அழுத்தி எக்கினார், முகம் வேர்த்துவிட்டது. தட்ட ஆரம்பித்திருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. மேனேஜர் பதறிப்போய், "அம்மாவத் தூக்கி உக்கார வைங்கப்பா" என்றார். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்கள். ஏட்டம்மா அவர்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நா ஆட்டோல வாரேன். நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க" என்று சுபேதாரிடம் சொன்னார். ஆட்டோக்காரர் கையில் பாதி லட்டோடு ஓடி வந்தார். கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சு வாங்கி, இன்னொரு காலை வைத்து ஏட்டம்மா ஏறி உட்கார்ந்தார். ஆட்டோ முன்னால் போனது. மாலையும் சிவப்பு ரிப்பனுமாகப் புது வண்டி, ஆட்டோவின் வேகத்துக்கே, அதன் பின்னால் ஊர்ந்துகொண்டு போனது. எதிரே வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனேன். மீதி இருந்த முரடனின் கதவைத் திறந்து தரையிலிருந்து பிடித்தேன். இருபத்தெட்டு. நீலக்கோடு சீட்டுக்குக் கீழே, எங்கோ பிளாஸ்டிக்கில் நின்றது. இரண்டே முக்கால் இஞ்ச் வித்தியாசம். அளந்து முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்று அழுதேன். மேனேஜர் தேடிக்கொண்டு வந்து, "சவத்த விடும்மா, கதவுக்குக் கீழ ஃபுட் ஸ்டெப் ஃப்ரீயா மாட்டிக் குடுத்துருவோம்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. பதிவான வண்டியைத் திரும்ப எடுக்க வழி கிடையாது என்று எனக்கும் தெரியும். அன்று மாலை சுபேதாருக்குப் போன் போட்டேன். எடுத்து, "பாத்துக்கிடுதேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஒரு வசவு வைதிருக்கலாம் அந்த மனுஷன்.

முதல் சர்வீசுக்கு அவர் தனியாக வந்தார். ஏட்டம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அளந்து, சரியாக இரண்டே முக்கால் இஞ்ச் கனத்தில் ஒரு பலகை செய்திருக்கிறார். அதைக் கதவுக்குக் கீழே போட்டால் ஏட்டம்மா அதன் மேல் நின்று உட்கார்ந்துவிடலாம், இறங்கும்போதும் போட்டுக்கொள்ளலாம், டிக்கியில் வைத்துக் குற்றாலத்துக்கும் கொண்டுபோகலாம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு நாள் பழகிப் பார்த்திருக்கிறார்கள், நன்றாகத்தான் வந்திருக்கிறது. "ஆனி பிறந்து சாரல் பிடிச்சிட்டு. கிளம்புவோம்னா. அந்தப் பச்சைச் சேலையத்தான் கட்டியிருந்தா. எங்க ஊர்ல அன்னைக்கு மழைகூட இல்ல, சும்மா ஒரு தூத்தல். பலகை மேல ஏறி நின்னா. அடியில ஈரம், சறுக்கிட்டு." அவர் அங்கே நிறுத்தினார். நான் அப்புறம் என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "தூக்கித்தான் வண்டியில ஏத்துனோம். நாலு பேரு" என்றார்.

மீட்டரைப் பார்த்தேன். வழக்கமாக முதல் சர்வீசுக்கு வருகிற வண்டி எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும். இந்த வண்டி ஓடியது முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும்தான். பின்சீட்டில் ஒரு தலையணை கிடந்தது. வண்டியைக் கழுவ எடுத்த பையன் அதை எங்கே வைக்க என்று கேட்டான். வாங்கி என் நாற்காலியில் வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் ஏட்டம்மா போய்விட்டார். எனக்கு ஐந்தாறு நாள் கழித்துத்தான் தெரியும். பதினாறு முடிந்த பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்குப் போனேன். திருப்பிக் கொடுப்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அளக்கவில்லை என்று வாயால் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். கட்டில் இன்னும் கட்டைகளின் மேல்தான் இருந்தது. சுபேதார் எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, கட்டிலில் உட்காராமல் சுவரோரமாக நின்றார். "சார், அன்னைக்கு நான் அளக்கலை" என்றேன். அதைச் சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தெரியும்மா" என்றார். "அவ அப்பவே சொன்னா. நீ பேசும்போது போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். வச்சதும், அந்தப் பிள்ளை அளக்கலன்னா. எப்படிச் சொல்லுதேன்னு கேட்டேன். அளந்தவளா இருந்தா எத்தனை இஞ்ச்னு முதல்ல சொல்லியிருப்பா, அளந்தேன்னு மட்டும் சொல்லுதா பாருன்னா. நாந்தான் அவகூடச் சண்டை போட்டேன். ஊர்ல உள்ளவங்களையெல்லாம் கைதி மாதிரி பாக்காத ஏட்டு, அது நல்ல பிள்ளைன்னு சொன்னேன். அதுக்குப் பிறகு அவ ஒண்ணும் சொல்லல. நான் சொன்னதுக்காகத்தான் சேலைய கட்டிக்கிட்டு வந்தா."

டேப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கி, நீலக்கோட்டின் மேல் கட்டைவிரலை ஒரு தடவை ஓட்டிவிட்டு, சுருட்டி என் கையிலேயே வைத்தார். "எனக்கு இனி எதுக்கும்மா? நீயே வச்சிக்கோ" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. எனக்கு அதுதான் குத்தியது. நல்ல பிள்ளை என்று என்னைச் சொன்னவர்கள் அதற்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் உண்டு. அந்த ஒரு தடவை சொன்னது மட்டும் ஒரு மனுஷியின் இடுப்பில் போய் விழுந்தது. பஸ்ஸில் தென்காசி வந்து இறங்கும் வரை டேப்பைக் கையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் மூன்று சீசன் போய்விட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன். வேலையை விட்டிருந்தால் கதை நன்றாக இருக்கும், ஆனால் வீட்டில் அரிசி வேக வேண்டும். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மட்டும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் கேட்டால், இருங்க சார் என்று எழுந்து போய் அளந்துவிட்டு வருகிறேன். அதனால் என் எண்ணிக்கை குறைந்துவிட்டது, மேனேஜர் இப்போது என்னை அதிகம் நம்புவதில்லை. கம்பெனி திருந்தியதா என்றால் அதுவும் இல்லை. போன வாரம் நடுவுளவனுக்கும் முரடனுக்கும் நடுவில் இன்னொருவனை இறக்கியிருக்கிறார்கள். அதே நீளம், அதே எஞ்சின், அதே குதிரைத்திறன். பிள்ளைகள் அவனுக்குக் கடைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்று காலை ஷோரூம் திறந்ததும் கடைக்குட்டியைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, இங்கேயும் கண்ணாடியெல்லாம் பொடித்தூறல். இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்தேன். முன்கதவைத் திறந்து, டைல்ஸில் முழங்காலிட்டு, தரையிலிருந்து பிடித்தேன். நீலக்கோடு சீட்டின் விளிம்பில் வந்து நின்றது. நம்பிக்கையில்லாமல் மறுபடியும் பிடித்தேன், அங்கேயேதான் நின்றது. யாரோ பின்னால் சிரித்தார்கள், எனக்குப் பின்னால் சிரிக்க இப்போது வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி வந்ததும் அளந்து பார்த்துவிட்டு ஒரு போன் போடச் சொல்லியிருந்தார் சுபேதார்.

போடக் கூடாது என்று தெரிந்தேதான் போட்டேன். ஆறிய புண்ணோ ஆறாத புண்ணோ, நான் போய்க் கீறுவது நியாயமில்லை. ஆனாலும் கை கேட்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லும்மா" என்றார், நேற்றுப் பேசிவிட்டு விட்ட மாதிரி.

"புது வண்டி ஒண்ணு வந்திருக்கு சார்" என்றேன். "இருபத்தஞ்சே கால் இஞ்ச்."

டேப்பைச் சுருட்டாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்பம் நீ அளந்திருக்கம்மா" என்றார்.